கண்காட்சியும் புத்தகப் படங்களும் ஒரே சமயத்தில்: இளம் ஓவியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கவின் கலைக் கல்லூரி முடித்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். ஒரு குழுக் கண்காட்சிக்குத் தலையாட்டியிருப்பீர்கள், ஒரு பதிப்பகத்திடம் சிறுவர் நூலுக்குப் படம் வரைந்து தருவதாகச் சொல்லியிருப்பீர்கள். இரண்டின் கெடுவும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். சென்னையை மையமாக வைத்து வேலை செய்பவர்களை மனதில் கொண்டே இங்குள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன. மதுரை, கும்பகோணம், கோவைக்காரர்களுக்குப் போக்குவரத்து நாட்கள் மட்டும் கூடும்.

பாதி வருடம் சும்மா இருக்கிறேன், பிறகு எல்லா வேலையும் ஒன்றாக வந்து விழுகிறது. ஏன் இப்படி?

ஊரின் நாட்காட்டியே அப்படித்தான். தீபாவளி மலர்களுக்கான படங்களை ஆகஸ்ட், செப்டம்பரில் கேட்பார்கள். சென்னைப் புத்தகக் காட்சி டிசம்பர் கடைசியிலோ ஜனவரித் தொடக்கத்திலோ ஆரம்பிக்கும். அங்கே புதுப் புத்தகம் கடைக்கு வர வேண்டுமானால் நவம்பருக்குள் கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும், ஆகவே உங்கள் இறுதிப் படங்கள் அக்டோபரில் தேவைப்படும். கண்காட்சிகளும் மழை ஓய்ந்த டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் அதிகம். கொச்சி பினாலே 2012இல் தொடங்கியதிலிருந்து டிசம்பரில்தான் திறக்கப்படுகிறது. டெல்லியின் இந்தியா ஆர்ட் ஃபேர் வழக்கமாகப் பிப்ரவரித் தொடக்கத்தில்.

ஆக ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை நெரிசல், மார்ச் முதல் ஜூலை வரை வறட்சி. புத்தகப் படத்தை முன்கூட்டியே வரைந்து வைக்க வழியில்லை, கதை கைக்கு வந்தால்தான் தொடங்க முடியும். கண்காட்சி ஓவியத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எந்தக் கண்காட்சிக்கு என்று தெரியாவிட்டாலும், ஜூலைக்குள் ஆறேழு ஓவியம் முடிந்து சுவரோரம் நிற்க வேண்டும். அழைப்பு வந்த பிறகுதான் கான்வாஸ் கட்டுவேன் என்பவர்கள்தான் நவம்பரில் தூக்கமில்லாமல் அலைகிறார்கள்.

கண்காட்சி டிசம்பர் 20 என்றால் என் உண்மையான கெடு எது?

எண்ணெய் வண்ணமானால் நவம்பர் 15. பின்னாலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

திறப்பு விழா 20. மாட்டும் வேலை 18, 19. ஃப்ரேம் கடையிலிருந்து எல்லாம் 15ஆம் தேதி கைக்கு வந்துவிட வேண்டும். ஒரு கண்ணாடி உடைந்திருந்தால், ஒரு மூலை இடைவெளி விட்டிருந்தால், திருத்த இரண்டு நாளாவது வேண்டும். பத்துப் படத்துக்கு ஃப்ரேம் போட நல்ல கடைக்காரர் பத்து நாள், பன்னிரண்டு நாள் கேட்பார். எனவே டிசம்பர் 3ஆம் தேதி கடையில் கொடுத்தாக வேண்டும். கொடுப்பதற்கு முன் புகைப்படம் எடுக்க டிசம்பர் 1, 2. கண்ணாடி போட்ட பிறகு எடுத்தால் ஜன்னலும் உங்கள் முகமும்தான் படத்தில் தெரியும். கடைசித் தூரிகை பட்டதிலிருந்து எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர, மழைக்காலத்தில் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அங்கேதான் நவம்பர் 15 வந்து நிற்கிறது. அக்ரிலிக் என்றால் நவம்பர் 28 வரை இழுக்கலாம்.

இதற்கும் முன்னால் இன்னொரு கெடு உண்டு. அழைப்பிதழுக்கும் கேட்டலாகுக்கும் நல்ல தெளிவுள்ள படமும், நூறு சொல்லில் ஒரு குறிப்பும், தலைப்பு, ஊடகம், அளவு, வருடம் அடங்கிய பட்டியலும் ஒரு மாதம் முன்பே கேட்பார்கள். முடிந்த ஓவியங்கள் குறைந்தது மூன்று கையில் இருந்தால் அதற்குச் சமாளித்துவிடலாம்.

32 பக்க சிறுவர் நூலுக்கு எவ்வளவு காலம் பிடிக்கும்?

புதியவர்கள் சொல்வது "ஒரு மாதம்". நடப்பது நான்கு மாதம். தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம் எல்லாம் போக, எதிரெதிர்ப் பக்கங்களைச் சேர்த்து வரையும் ஸ்ப்ரெட் சுமார் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். நீர்வண்ணத்தில் வரைபவருக்கு:

தம்ப்நெயில், அதாவது தபால்தலை அளவில் முழுப் புத்தகத்தையும் ஒரே தாளில் போட்டுப் பார்ப்பது: 4 நாள்
பாத்திரங்களின் முன், பக்க, பின் தோற்றம், முகபாவம்: 3 நாள்
பன்னிரண்டு ரஃப், அதாவது பென்சில் முன்வரைவு, ஒன்றுக்கு அரை நாள்: 6 நாள்
மாதிரிக்கு ஒரு ஸ்ப்ரெட் முழு வண்ணத்தில்: 2 நாள்
மீதிப் பதினொன்று, ஒன்றுக்கு 2 நாள்: 22 நாள்
அட்டை: 3 நாள்
ஸ்கேன், சுத்தம் செய்தல்: 4 நாள்

மொத்தம் 44 வேலைநாள். பாதி நாள் கண்காட்சி ஓவியத்துக்குப் போகிறது என்றால் இதை இரண்டால் பெருக்குங்கள். ரஃப் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் வாரங்களையும் கூட்டுங்கள். ஒப்புக்கொள்ளும்போதே இந்தப் பட்டியலைத் தேதியோடு எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது. "உங்கள் கருத்து 7 நாளில் வந்தால் இந்தத் தேதி, 20 நாளானால் இறுதித் தேதியும் 13 நாள் தள்ளிப்போகும்" என்று அதிலேயே சொல்லிவிடுங்கள். மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டையும் ஒரே நாளில் செய்வதா, வாரம் பிரித்துச் செய்வதா?

காத்திருப்பை வைத்துப் பிரியுங்கள். புத்தக வேலையில் காத்திருப்பு பதிப்பகத்தின் பக்கம்: தம்ப்நெயில் போனதும் ஒரு வாரம், ரஃப் போனதும் இரண்டு வாரம். ஓவியத்தில் காத்திருப்பு வண்ணத்தின் பக்கம்: ஒரு பூச்சு உலர மூன்று நாள், ஐந்து நாள். ஒன்றின் காத்திருப்பில் மற்றதன் கைவேலை விழும்படி அடுக்கினால் இரண்டும் ஓடும். பன்னிரண்டு ரஃப்பையும் மொத்தமாக ஒரே நாளில் அனுப்பினால் அந்த இரண்டு வாரம் முழுதாகக் கான்வாஸுக்குக் கிடைக்கும். இரண்டிரண்டாக அனுப்பினால் தினம் ஒரு திருத்தம் வரும், எதுவும் நகராது.

இறுதி வண்ணம் தொடங்கிவிட்டால் கதை வேறு. அப்போது நாள் பிரிப்பதைவிட வாரம் பிரிப்பது மேல். ஒன்பதாவது ஸ்ப்ரெட்டில் பிள்ளையின் சட்டை நீலம் மூன்றாவதில் இருந்த நீலம்தானா என்பது இடைவெளி விழுந்தால் மறந்துபோகும். கலவை எழுதிய ஒரு வண்ணத் துண்டைச் சுவரில் ஒட்டிவையுங்கள்: "சட்டை: அல்ட்ராமரைன் 2, பேர்ன்ட் சியன்னா சொட்டு, இரண்டு பூச்சு."

இருப்பது ஒரே அறை. அதில் எண்ணெய் வண்ணமும் நீர்வண்ணத் தாளும் எப்படி?

மேசை இரண்டு வேண்டும். இரண்டாவது, மடக்கு மேசையாக இருந்தாலும் போதும். எண்ணெய் பட்ட விரல் நீர்வண்ணத் தாளில் பட்டால் அந்த இடத்தில் வண்ணம் பிடிக்காமல் வழுக்கும். வண்ணம் போட்ட பிறகுதான் அது தெரியும், அழிக்க வழியில்லை. காலையில் தாள், மாலையில் கான்வாஸ் என்ற வரிசையே பாதுகாப்பு.

டர்பன்டைனை ஜன்னல் சாத்திய அறையில் திறந்துவைக்காதீர்கள். அதைவிட முக்கியம், லின்சீட் எண்ணெய் துடைத்த துணி. அதைச் சுருட்டி மூலையில் போட்டால் உலரும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள், அல்லது விரித்துக் கொடியில் காயப்போடுங்கள். இரவு புத்தக வேலையில் மூழ்கிவிட்டு இதை மறப்பதுதான் வழக்கம்.

நேரம் குறைவு. எண்ணெயை விட்டுவிட்டு அக்ரிலிக்குக்கு மாறட்டுமா?

கண்காட்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பழக்கமில்லாத ஊடகத்துக்குத் தாவாதீர்கள். எண்ணெயிலேயே வேகமாக உலர்பவை எவை என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். அம்பர் வகைகளில் மாங்கனீஸ் இருப்பதால் இரண்டொரு நாளில் காயும். டைட்டானியம் வெள்ளை, ஐவரி கறுப்பு, அலிசரின் சிவப்பு மூன்றும் வாரக்கணக்கில் இழுக்கும். தடித்த வெள்ளைப் பூச்சைக் கடைசி வாரத்தில் வைப்பதுதான் பெரும்பாலும் காலை வாருகிறது. அடிப்பூச்சை அக்ரிலிக்கில் போட்டு மேலே எண்ணெய் தீட்டலாம். எண்ணெய்க்கு மேல் அக்ரிலிக் போடக் கூடாது, உரிந்து வரும். அல்கைட் மீடியம் கலந்தால் மெல்லிய பூச்சு ஒரே நாளில் தொடும் நிலைக்கு வரும். அவசரத்துக்கு டர்பன்டைனை அதிகம் ஊற்றிக் கரைத்தால் பசை இழந்து பொடியாக உதிரும்.

முழு வார்னிஷ் ஆறு மாதம் கழித்துத்தான். கண்காட்சிக்கு மங்கிய இடம் பளிச்சென்று தெரிய வேண்டுமென்றால் ரீடச்சிங் வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு போதும்.

அக்ரிலிக்குக்கும் ஒரு குணம் உண்டு. அரை மணியில் காய்ந்த மாதிரி இருக்கும், சூட்டில் மறுபடி இளகும். இரண்டு அக்ரிலிக் கான்வாஸை எதுவும் சுற்றாமல் முகத்தோடு முகம் வைத்து, வெயிலில் நிற்கும் வண்டியில் ஏற்றினால் பிரிக்கும்போது ஒன்றின் தோல் மற்றதில் ஒட்டிக்கொண்டு வரும்.

மழைக்காலத்தில் தாள் வேலை பூஞ்சை பிடிக்கிறதே?

தரையிலும் வெளிச்சுவரிலும் சாய்க்காதீர்கள். மின்விசிறிக் காற்று படும் அலமாரியில், அமிலமற்ற தாள் இடையில் வைத்து, சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடுவதுதான் பூஞ்சைக்கு விருந்து. ஃப்ரேம் போடும்போது மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வரும் அட்டை, கேட்டு வாங்குங்கள். கண்ணாடி தாளை நேரடியாகத் தொட்டால் வியர்வை படிந்து ஒட்டிக்கொள்ளும்.

நான் வரைந்தபோது பளிச்சென்று இருந்த நிறம் அச்சில் ஏன் செத்துப்போகிறது?

நான்கு மையில் கிடைக்காத நிறத்தை நீங்கள் பயன்படுத்தியிருப்பீர்கள். ஒளிரும் இளஞ்சிவப்பு, பளிச்சென்ற ஆரஞ்சு, அல்ட்ராமரைன் ஊதா, டர்க்வாய்ஸ் போன்றவை சிஎம்ஒய்கே என்ற அந்த நான்கு மைக்குள் வராது. மாதிரி ஸ்ப்ரெட்டை வரைந்ததும் ஸ்கேன் செய்து, அச்சகம் சொல்லும் நிற அமைப்பில் (புரொஃபைல்) திரையில் பார்த்து, முடிந்தால் புத்தகத்துக்கு வாங்கப்போகும் தாளிலேயே ஒரு புரூஃப் எடுக்கச் சொல்லுங்கள். பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சும், நடு நிழல்கள் இருண்டுவிடும். அங்கே அச்சாகும் படத்தை ஒரு படி வெளிறியே வைக்க வேண்டும்.

ஸ்கேனரும் காரணமாக இருக்கலாம். மெலிதான, விலை குறைந்த ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. அவை தாள் அழுந்திப் படிந்திருக்கும் இடத்தை மட்டுமே கூர்மையாகப் பிடிக்கும். நீர்வண்ணத்தில் அலையாக எழும்பிய இடம் மங்கும். நீர்த்த மெல்லிய பூச்சான வாஷும் வெள்ளையில் கரைந்துபோகும். சிசிடி ஸ்கேனர் உள்ள கடையைத் தேடிப் போங்கள். வண்ணப்படத்துக்கு அச்சளவில் 300 டிபிஐ, பிறகு பெரிதாக்க நேரிடலாம் என்றால் 600. கறுப்புக் கோட்டோவியத்துக்கு 1200 டிபிஐ, பிட்மேப். ஜேபெக்கில் திரும்பத் திரும்பச் சேமிக்காமல் டிஃப் கோப்பாகக் கொடுங்கள்.

அளவு விஷயத்தில் தவறுபவை மூன்று. நான்கு பக்கமும் 3 மி.மீ. பிளீட், அதாவது வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் படம், வேண்டும், அதைக் கடைசியில் கணினியில் இழுத்து நிரப்புவது அசிங்கமாகத் தெரியும். வெட்டும் கோட்டிலிருந்து உள்ளே 10 மி.மீட்டருக்குள் முக்கியமான எதுவும் வேண்டாம். நடு மடிப்பில் முகமோ கையோ வரக் கூடாது. ஒட்டு பைண்டிங் என்றால் ஒவ்வொரு பக்கமும் 6 முதல் 10 மி.மீ. வரை உள்ளே மறைந்துவிடும்.

எழுத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்?

சென்னையின் தூலிகா போன்ற பதிப்பகங்கள் ஒரே படத்தை வைத்து ஆங்கிலத்திலும் பல இந்திய மொழிகளிலும் அச்சிடுகின்றன. இப்படிப் பல மொழிக்கு அச்சிடும்போது செலவைக் குறைக்க மூன்று வண்ணத் தகடுகளை அப்படியே வைத்துக்கொண்டு கறுப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுவார்கள். எனவே எழுத்து விழும் இடம் வெளிறிய நிறமாக இருக்க வேண்டும். கருநீல வானத்தில் வெள்ளை எழுத்து வைத்தால் நான்கு தகடும் மாற வேண்டிவரும். ஆசிரியர் குழு அதைத் திருப்பி அனுப்பும்.

ஆங்கிலப் பிரதியைப் பார்த்து இடம் விட்டீர்களானால் தமிழ் நிற்காது. மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விடுங்கள். கடைப் பலகை, பேருந்து எண், சுவர் விளம்பரம் எல்லாம் படத்துக்குள் எழுத்தாக வந்தால் அதைத் தனி அடுக்கில் கொடுங்கள்.

திருத்தம் முடிவில்லாமல் வருகிறது. எங்கே நிறுத்துவது?

ரஃப்பில் நிறுத்த வேண்டும். ஒப்பந்தத்தில், அது இல்லையென்றால் மின்னஞ்சலில், இப்படி எழுதுங்கள்: ரஃப் நிலையில் இரண்டு சுற்றுத் திருத்தம், இறுதி வண்ணத்தில் சிறு திருத்தம் ஒரு சுற்று, ரஃப்பில் ஒப்புக்கொண்டதை வண்ணத்தில் மாற்றச் சொன்னால் தனிக் கட்டணம். "சிறு திருத்தம்" எது என்பதையும் சொல்லிவிடுங்கள்: பொட்டு, செருப்பு, சட்டை நிறம். அம்மாவை அத்தையாக மாற்றுவது சிறு திருத்தமல்ல.

ஆசிரியர், எழுத்தாளர், சந்தைப்படுத்துபவர் மூவரும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் சொல்வதை ஏற்காதீர்கள். "எல்லோர் கருத்தும் சேர்ந்து ஒரே பிடிஎஃப்பில் வந்தால் வேலை சுலபம்" என்று கேளுங்கள். எழுத்தாளரின் கருத்து ஆசிரியர் வழியாகவே வர வேண்டும்.

கட்டணம் எப்படிக் கேட்பது?

மேலே சொன்ன 44 நாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒரு நாள் வாழ்க்கைச் செலவு, தாள், வண்ணம், ஸ்கேன் எல்லாம் சேர்த்து ஒரு நாள் விலை வைத்துப் பெருக்குங்கள். வரும் தொகை பதிப்பகம் சொன்னதைவிட இரு மடங்காக இருந்தால் இரண்டு வழி: விலையைக் கூட்டக் கேட்பது, அல்லது வேலையைக் குறைப்பது. பன்னிரண்டும் முழு வண்ண ஸ்ப்ரெட்டாக இல்லாமல் ஆறு முழுமையாகவும் ஆறு வெள்ளைப் பின்னணியில் சிறு படமாகவும் இருக்கலாம். தொகையைக் கூட்டாத ஆசிரியர்கள்கூட இதற்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

பணத்தை மூன்றாகப் பிரித்து வாங்குங்கள்: கையெழுத்தாகும்போது 30 சதவீதம், ரஃப் ஒப்புதலில் 40, இறுதிக் கோப்பு கொடுத்ததும் 30. "புத்தகம் வெளியானதும்" என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் அடித்துவிடுங்கள். வெளியீடு ஒரு வருடம் தள்ளிப்போவது சாதாரணம். புத்தகம் கைவிடப்பட்டால் அதுவரை முடிந்த நிலைக்குரிய பணம் திருப்பிக் கேட்கப்படாது என்ற வரியும் இருக்கட்டும். ஃப்ரேம் கடைக்குக் கொடுக்கும் பணம் பலருக்கு இந்த 40 சதவீதத்திலிருந்துதான் வருகிறது. ரஃப் ஒப்புதல் தேதியை ஃப்ரேம் தேதிக்கு முன்னால் வைத்துக்கொள்ள அதுவும் ஒரு காரணம்.

படத்தின் உரிமை யாருக்கு?

எழுதிக்கொள்ளாவிட்டால் உங்களுக்கு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி படைத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் காசு கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லையென்றால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்ற விதிவிலக்கும் அதே பிரிவில் உண்டு. அதனால்தான் "காப்புரிமை ஓவியரிடமே இருக்கும்; நூல் வடிவில் வெளியிடும் உரிமை மட்டும் பதிப்பகத்துக்கு" என்ற வரி எழுத்தில் தேவை.

உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. எத்தனை ஆண்டு என்று சொல்லாவிட்டால் 5 ஆண்டு, எந்த நாடு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். எல்லா உரிமையையும் கொடுத்துவிட்டாலும், படைத்தவர் நான்தான் என்று கோரவும், பெயரைக் கெடுக்கும்படி படத்தைச் சிதைத்தால் தடுக்கவும் 57ஆவது பிரிவு இடம் தருகிறது.

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் போன்ற திறந்த உரிமத் தளத்துக்கு வரைந்தால், பெயர் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் அந்தப் படத்தை மாற்றலாம், விற்கலாம். தெரிந்து செய்தால் நல்ல அறிமுகம். அதே படத்தைத் தனி உரிமையோடு இன்னொருவருக்கு விற்க முடியாது.

புத்தகத்துக்கு வரைந்த ஒரிஜினலைக் கண்காட்சியில் வைக்கலாமா?

ஒரிஜினல் தாளும் காப்புரிமையும் வேறு வேறு. "ஒரிஜினல் ஓவியருக்குச் சொந்தம், ஸ்கேன் முடிந்து 30 நாளில் திருப்பித் தரப்படும்" என்று எழுதிக்கொண்டால் தாராளமாக வைக்கலாம், விற்கலாம். புத்தகம் வெளிவரும் முன் வைப்பதென்றால் பதிப்பகத்திடம் கேட்டுவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் போடுவதற்கும் இதே விதி.

கேலரி கமிஷன் எவ்வளவு? விலை எப்படி வைப்பது?

பொதுவாக 30 முதல் 50 சதவீதம். கமிஷன் சேர்த்த விலையே எங்கும் உங்கள் விலை. கேலரியில் ஒன்று, வீட்டுக்கு வந்தால் பாதி என்று விற்றால் செய்தி கேலரிக்கு ஒரு வாரத்தில் போய்விடும், அடுத்த அழைப்பு வராது. தொடக்கத்தில் அளவை வைத்தே விலை வையுங்கள்: உயரத்தையும் அகலத்தையும் கூட்டி ஓர் எண்ணால் பெருக்கினால், ஒரே அளவுள்ள இரண்டு ஓவியத்துக்கு ஏன் இரண்டு விலை என்ற கேள்வி வராது. பிடித்த ஓவியத்துக்கு அதிக விலை வைப்பது பலரும் செய்வது. பிடித்ததை விற்காமல் வைத்துக்கொள்வதே நேர்மையானது.

ஓவியங்களை ஒப்படைக்கும்போது ஒரு சீட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றின் பெயர், அளவு, விலை, கமிஷன், விற்றால் எத்தனை நாளில் பணம், சேதமானால் யார் பொறுப்பு, விற்காததை எந்தத் தேதிக்குள் யார் செலவில் திருப்புவது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும்.

கட்டணம் கட்டிச் சேரும் குழுக் கண்காட்சிகள் பயன்படுமா?

பெரும்பாலும் இல்லை. கேட்க வேண்டியவை: யார் தேர்ந்தெடுக்கிறார்கள், ஒருவருக்கு எத்தனை அடிச் சுவர், விற்றால் கமிஷன் தனியா, கேட்டலாக் அச்சாகிறதா. விண்ணப்பித்த எல்லோரையும் எடுத்துக்கொண்டால் அது கண்காட்சி இல்லை, சுவர் வாடகை. அந்தப் பணத்தில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமி போன்ற இடத்தில் அரங்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால் கோடையிலேயே எழுதிப் போடுங்கள்.

வரி?

பதிப்பகங்கள் பொதுவாக 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துத் தருவார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20. அது உங்கள் பான் கணக்கில் ஏறியதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்து, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்தால்தான் திரும்பக் கிடைக்கும். வரி வரம்புக்குக் கீழே சம்பாதிக்கும் இளம் ஓவியர்கள் பலர் தாக்கல் செய்யாமலே இந்தப் பணத்தை விட்டுவிடுகிறார்கள். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தாள், வண்ணம், ஃப்ரேம், வண்டி, எல்லா ரசீதையும் எடுத்து வையுங்கள்.

கெடு தவறப்போகிறது என்று தெரிந்துவிட்டது. யாரிடம் முதலில் சொல்வது?

பதிப்பகத்திடம். கண்காட்சியில் ஒன்பது ஓவியத்துக்குப் பதில் ஏழு மாட்டினாலும் சுவர் நிறையும். இடைவெளி விட்டு மாட்டினால் இன்னும் நன்றாகக்கூட இருக்கும். பன்னிரண்டு ஸ்ப்ரெட்டில் ஒன்று குறைந்தாலும் புத்தகம் அச்சேறாது. அச்சகத்தில் பிடித்துவைத்த நாள் போனால், புத்தகக் காட்சிக்கு முந்தைய நெரிசலில் அடுத்த நாள் கிடைப்பது பாடு.

கெடு அன்று சொல்வதில் பயனில்லை, பத்து நாள் முன்பே சொல்லுங்கள். காரணக் கதை வேண்டாம், புதுத் தேதியும் மாற்று வழியும் போதும்:

"வணக்கம் மேடம். 9, 10, 11 மூன்று ஸ்ப்ரெட்டும் திங்கள்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தேன். 9 இத்துடன் இருக்கிறது. 10, 11 வியாழன் மாலைக்குள் வந்துவிடும். லேஅவுட் நிற்காமலிருக்க இரண்டின் ரஃப்பையும் அச்சளவிலேயே இணைத்திருக்கிறேன். எழுத்து இடம் மாறாது."

லேஅவுட் செய்பவர் ரஃப்பை வைத்தே பக்கத்தை முடித்துவைப்பார், வண்ணம் வந்ததும் கோப்பை மாற்றினால் போதும். அவருக்குத் தேவையானது கையில் இருந்தால் மூன்று நாள் தாமதம் பெரிய பிரச்சினையாகாது. தொலைபேசியை எடுக்காமல் இருப்பதுதான் பிரச்சினை.

பத்திரிகைப் படம், புத்தகப் படம் போட்டால் கேலரிகள் குறைவாக மதிக்காதா?

சென்னையில் இந்தக் கவலைக்கு இடமில்லை. கே.எம். ஆதிமூலம் அரூப ஓவியராக அறியப்பட்ட அதே காலத்தில் தமிழ் இதழ்களுக்குக் கோட்டோவியம் போட்டார், நூல்களுக்கு எழுத்து வடிவமைத்தார். டிராட்ஸ்கி மருதுவும் இரண்டு பக்கமும் இயங்குபவர். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கான நிலமே ஓவியர்கள் பாத்திக் துணி செய்து விற்ற பணத்தில் வாங்கியதுதான்.

குறைவாக மதிப்பது வேறொன்றை: புத்தகத்தில் பழகிய அழகான முகத்தையே கான்வாஸிலும் பெரிதாக்கி வைப்பது. போர்ட்ஃபோலியோவை மட்டும் இரண்டாக வையுங்கள். கேலரிக்கு அனுப்பும் பிடிஎஃப்பில் ஒரே தொடரைச் சேர்ந்த 10 முதல் 15 ஓவியம். பதிப்பகத்துக்கு அனுப்புவதில் ஒரே பாத்திரம் மூன்று வெவ்வேறு காட்சிகளில். அதைத்தான் ஆசிரியர்கள் முதலில் தேடுவார்கள்.

ஓவியங்களை எப்படிக் கட்டி அனுப்புவது?

வண்ணத்தின் மேல் முதலில் கிளாஸின் எனும் வழவழப்பான மெல்லிய தாள் அல்லது சிலிக்கான் பூசிய பேக்கிங் தாள், அதற்கு மேல்தான் பபுள் ராப், குமிழ் வெளிப்பக்கம் பார்க்க. குமிழ் உள்ளே இருந்தால் அக்ரிலிக்கில் வட்டம் வட்டமாகப் பதிந்துவிடும். மூலைகளுக்கு மடித்த அட்டை. கண்ணாடிமேல் குறுக்கும் நெடுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டினால் உடைந்தாலும் சில்லு ஓவியத்தைக் கிழிக்காது. வண்டியில் படுக்கப்போடாமல், முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகாக நிறுத்திவையுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர், தலைப்பு, அளவு, எது மேல்பக்கம் என்ற அம்புக்குறி.

மாட்டும் நாளுக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

அளவு நாடா, ஸ்பிரிட் லெவல், பென்சில், அழிப்பான், உதிரி டி வளையங்களும் கம்பியும், ஸ்க்ரூ டிரைவர், வெள்ளைப் பருத்திக் கையுறை, நீல டாக் (ஒட்டி எடுக்கும் பசை), மென்மையான தூரிகை ஒன்று, ஃப்ரேமின் நிறத்தில் சிறிது வண்ணம். கீறல் விழாமல் வந்து சேரும் ஃப்ரேம் அபூர்வம்.

டி வளையத்தை ஃப்ரேமின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே இரு பக்கமும் பொருத்துங்கள். நடுவில் பொருத்தினால் படம் முன்னால் சாயும். எல்லா ஓவியத்தின் நடுப்புள்ளியும் தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் ஒரே கோட்டில் வரட்டும். ஆணி அடிக்கும் முன் எல்லாவற்றையும் சுவரோரம் தரையில் வரிசையாக வைத்துப் பாருங்கள், அப்போது மாற்றுவது சுலபம். லேபிளில் உயரம் முதலில், அகலம் பிறகு. வலப்பக்கம் கீழே ஒட்டுவது வழக்கம், எல்லாவற்றுக்கும் ஒரே தூரத்தில்.